அடுத்த கன்சோலின் கடைசி நாளை இப்போதே எழுதுங்கள்

சோனி, நிண்டெண்டோ, மைக்ரோசாஃப்ட் நிறுவனங்களில் அடுத்த கன்சோலை வடிவமைத்துக்கொண்டிருக்கும் பொறியாளர்களுக்கும், அதற்கான விதிகளை வகுக்கும் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

வீடியோ கேம் ஆடுவதற்கென்றே செய்யப்படும் கருவியான கன்சோலுக்கு நாள் குறிப்பவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். 1983-ல் அமெரிக்க வீடியோ கேம் சந்தை சரிந்தபோது, இனி இந்தச் சரக்கு விலைபோகாது என்று கடைக்காரர்களே முடிவுகட்டினார்கள். இரண்டே ஆண்டுகளில் நிண்டெண்டோ அங்கே கால் வைத்தது. ஸ்மார்ட்போன் எல்லார் கைக்கும் வந்தபோது அதே ஆரூடம் மறுபடியும் கிளம்பியது. அதற்குப் பிறகு வந்த சோனியின் பிளேஸ்டேஷன் 4 ஏறத்தாழ 11 கோடியே 70 லட்சம் விற்றது. 2017-ல் வந்த நிண்டெண்டோவின் ஸ்விட்ச் 15 கோடியைத் தாண்டியது. ஆகவே கன்சோல் சாகப்போகிறது என்று சொல்ல நான் இந்த மடலை எழுதவில்லை. கன்சோல் இருக்கும். அதற்காக நாங்கள் காசு கொடுத்து வாங்கிய கேம்கள் இருக்குமா என்பதுதான் என் கவலை. இன்று உங்கள் மேசைகளில் இருக்கும் வரைபடங்கள் அந்தக் கேள்விக்கு விடை சொல்லப்போகின்றன. அதனால்தான் வெளியீட்டுக்குப் பின் குறைசொல்லக் காத்திராமல் இப்போதே எழுதுகிறேன்.

முதலில், பலரும் உறுதியாகச் சொல்லும் ஒரு கணிப்பை ஒதுக்கிவைக்கிறேன். வீட்டில் பெட்டியே தேவைப்படாது, எங்கோ ஒரு சர்வரில் கேம் ஓடும், படம் மட்டும் திரைக்கு வந்து சேரும் என்கிறார்கள். ஆன்லைவ் 2010-ல் இதைத்தான் விற்றது, 2015-ல் மூடப்பட்டது. 2019 நவம்பரில் கூகுள் தன் பண பலத்தோடு ஸ்டேடியாவைக் கொண்டுவந்தது; 2023 ஜனவரி 18 அன்று அதுவும் நின்றது. தோல்விக்குக் காரணங்கள் பல. ஆனால் அவற்றில் ஒன்றை எந்த நிறுவனமும் பணத்தால் வெல்ல முடியாது. நொடிக்கு 60 சட்டகங்கள், அதாவது 60 தனித்தனிப் படங்கள், ஓடும் கேமில் ஒரு சட்டகத்துக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிநொடி. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. சர்வர் 1,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால், நான் பொத்தானை அழுத்திய செய்தி அங்கே போய், படம் இங்கே திரும்ப ஒளிக்கு மட்டுமே 10 மில்லிநொடி பிடிக்கும். படத்தைச் சுருக்குவது, விரிப்பது, வழியிலுள்ள கருவிகள் ஒவ்வொன்றிலும் ஏற்படும் தாமதம் எல்லாம் அதற்கு மேல். குதிக்க நினைத்த கணத்துக்கும் திரையில் பாத்திரம் குதிக்கும் கணத்துக்கும் நடுவே விழும் அந்த இடைவெளியைப் பழகிய கை உடனே கண்டுபிடித்துவிடும்.

இப்படிச் சர்வரிலிருந்து ஆடும் கிளவுட் கேமிங் ஒழிந்துபோகும் என்று நான் சொல்லவில்லை. ஒரு கேமைப் பதிவிறக்கும் முன் சிறிது நேரம் ஆடிப் பார்க்கவும், பயணத்தில் இருக்கும்போது விட்ட இடத்திலிருந்து தொடரவும் அது நன்றாகவே உதவும். ஆனால் பெட்டி போகாது. பெட்டி இருக்கும் என்பதால்தான் அதன் ஆயுளைப் பற்றி உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது.

என் இரண்டாவது கணிப்பு விலையைப் பற்றியது. இதில் சற்று நேரம் செலவிட விரும்புகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாமே இதிலிருந்துதான் கிளைக்கின்றன. பிளேஸ்டேஷன் 2 அமெரிக்காவில் 2000-ல் 299 டாலருக்கு வந்தது. 2002-ல் 199 ஆனது. 2009-ல் 99 டாலருக்குக் கிடைத்தது. பொறுத்திருந்தால் விலை இறங்கும் என்பது பல தலைமுறைகளாக எங்களுக்குப் பழகிப்போன ஒழுங்கு. முதல் ஆண்டில் வாங்க முடியாதவர்கள் மூன்றாம் ஆண்டில் வாங்கினார்கள். அப்போதும் முடியாதவர்கள் ஐந்தாம் ஆண்டில் வாங்கினார்கள். இந்தப் பொழுதுபோக்கு பணக்காரர்களைத் தாண்டி விரிந்தது அப்படித்தான்.

அந்த ஒழுங்கு இப்போது தலைகீழாகிவிட்டது. டிஸ்க் டிரைவ் உள்ள பிளேஸ்டேஷன் 5 அமெரிக்காவில் 2020-ல் 499 டாலர். ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் கழித்து, 2025 ஆகஸ்டில், 549 டாலர். மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 499-ல் தொடங்கி 2025 மே மாதம் 599 ஆகி, அதே ஆண்டு அக்டோபரில் 649-ஐத் தொட்டது. எட்டு ஆண்டு பழைய முதல் ஸ்விட்ச்சின் விலைகூட 2025-ல் ஏறியது. வரிகளும் பணவீக்கமும் இதில் உண்டு என்பதை அறிவேன். ஆனால் அவை மட்டும் காரணமில்லை. சிப்பைச் சிறிதாக்கினால் மலிவாகச் செய்யலாம் என்ற பழைய கணக்கு தேய்ந்துவிட்டது. புதிய தொழில்நுட்பத்தில் செய்யப்படும் சிலிக்கான் தகடுகள் முன்னைவிட விலை கூடியவை. போதாக்குறைக்கு, செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சிப்களை அள்ளிக்கொண்டுபோக, 2025-ன் இறுதியில் அவற்றின் விலையும் வேகமாக ஏறியது.

இதிலிருந்து எனக்குத் தெரிவது இதுதான். பிளேஸ்டேஷன் 3 வந்தது 2006-ல், அடுத்தது 2013-ல், அதற்கடுத்தது 2020-ல். ஏழாண்டுக்கு ஒருமுறை என்ற அந்த நடை 2027-ஐக் காட்டுகிறது. நான் 2028-ஐ எதிர்பார்க்கிறேன். இன்னும் தள்ளிப்போனாலும் வியப்படைய மாட்டேன். வரும் கருவி விலை கூடியதாக இருக்கும், இறங்கவும் இறங்காது. கருவி கணக்கிடும் வேகத்தில் மட்டும் பெரிய பாய்ச்சல் இருக்காது. சிறிய படத்தை உருவாக்கி, பயிற்சி பெற்ற மென்பொருளைக் கொண்டு பெரிதாக்கிக் காட்டும் வேலைதான் மையமாகும். 2024 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5 புரோவும், 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2-ம் அந்த வழியில் ஏற்கெனவே நடக்கத் தொடங்கிவிட்டன. சோனியும் சிப் நிறுவனமான ஏஎம்டியும் சேர்ந்து நடத்தும் ஆய்வும் அதே திசையில்தான் போகிறது. புதிய கருவி வந்த பிறகும் கேம்கள் பல ஆண்டுகளுக்குப் பழைய கருவிக்கும் சேர்த்தே வெளிவரும். ஆக, ஒருவர் ஒரு கன்சோலைப் பத்து ஆண்டுகள், அதற்கு மேலும்கூட வைத்திருக்கப்போகிறார். இவ்வளவு விலை கொடுத்து, இவ்வளவு காலம் வைத்திருக்கும் ஒரு பொருளின் முடிவு எப்படி இருக்கும் என்று கேட்பது நியாயம்தானே?

கையடக்கக் கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அது கிட்டத்தட்ட முடிவான விஷயம். ஸ்விட்ச் பாதையைக் காட்டியது, 2022-ல் ஸ்டீம் டெக் அதே பாதையில் கணினி கேம்களைக் கொண்டுவந்தது, 2025-ல் எக்ஸ்பாக்ஸ் பெயரிலேயே ஒரு கையடக்கக் கருவி வந்துவிட்டது. அடுத்த தலைமுறையில் கையில் எடுத்துச் செல்ல ஒரு வடிவம் இல்லாத கன்சோல் குடும்பமே இருக்காது என்று நினைக்கிறேன். ஒரு நிறுவனத்தின் கன்சோலில் மட்டும் கிடைக்கும் பிரத்யேக கேம்களின் காலமும் மங்குகிறது. ஃபோர்சா ஹொரைசன் 5 பிளேஸ்டேஷனுக்கு வந்துவிட்டது. சோனி வெளியிட்ட ஹெல்டைவர்ஸ் 2 எக்ஸ்பாக்ஸில் ஓடுகிறது. நிண்டெண்டோ மட்டும் தன் கதவை மூடியே வைத்திருக்கும். அது அவர்கள் கேம்களின் இயல்பு என்பதால் எனக்கு அதில் வருத்தமில்லை.

எனக்கு வருத்தம் தருவது மூன்றாவது கணிப்பு. டிஸ்க் போகப்போகிறது. அடுத்த தலைமுறையில் டிஸ்க் டிரைவ் எந்தப் பெட்டிக்குள்ளும் இருக்காது. தனியாகக் காசு கொடுத்து வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். அதற்கடுத்த தலைமுறையில் அதுவும் இருக்காது. 699 டாலர் விலையில் வந்த பிளேஸ்டேஷன் 5 புரோவிலேயே டிரைவ் கிடையாது. ஆலன் வேக் 2 போன்ற பெரிய கேம் 2023-ல் டிஸ்க் இல்லாமலே வெளியானது. ஓராண்டு கழித்துத்தான் டிஸ்க் வந்தது. ஸ்விட்ச் 2-க்கு வரும் பல அட்டைகளுக்குள் கேம் இல்லை, பதிவிறக்குவதற்கான சாவி மட்டுமே இருக்கிறது. அதைப் பெட்டியின் முகப்பிலேயே நிண்டெண்டோ அச்சிட்டிருக்கிறது. அந்த நேர்மையை மதிக்கிறேன், ஆனால் அட்டைக்குள் கேம் இல்லை என்ற உண்மை அதனால் மாறிவிடாது.

டிஸ்க் என்ற பிளாஸ்டிக் வட்டின் மீது எனக்குத் தனிப் பாசம் கிடையாது. அதில் கீறல் விழும், தொலைந்துபோகும், அலமாரியை அடைக்கும். ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு: யாரையும் கேட்காமல் ஓடும். சேகா 2001 ஜனவரியில் டிரீம்காஸ்ட் தயாரிப்பை நிறுத்தப்போவதாக அறிவித்தது. அந்த நிறுவனம் கன்சோல் தொழிலை விட்டே போய்விட்டது. இருந்தும் பழுதாகாத ஒரு டிரீம்காஸ்ட்டும் அதன் டிஸ்க்கும் கையில் இருந்தால் இன்று இரவே ஆடலாம். 1977-ல் வந்த அட்டாரி 2600-ன் கார்ட்ரிட்ஜும் அப்படியே. செய்த நிறுவனம் நொடித்துப்போனாலும் பொருள் தன் வேலையைச் செய்கிறது. வாங்கிய வீட்டின் கதவைத் திறக்க ஒவ்வொரு முறையும் கட்டியவரிடம் சாவி கேட்கும் நிலையில் எந்தக் குடும்பமும் நிம்மதியாக வாழாது. நீங்கள் அடுத்துச் செய்யப்போகும் கருவியில் நாங்கள் அந்த நிலையில்தான் இருக்கப்போகிறோம் என்று அஞ்சுகிறேன்.

இந்த அச்சத்துக்குக் காரணம் வேண்டுமா? உங்கள் கடைகளின் வரலாற்றையே பாருங்கள். நிண்டெண்டோவின் வீ கருவியின் இணையக் கடை 2019 ஜனவரியில் மூடப்பட்டது. அதே நிறுவனத்தின் வீ யூ, 3டிஎஸ் கருவிகளின் கடைகள் 2023 மார்ச் 27 அன்று விற்பனையை நிறுத்தின. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அவற்றின் இணைய ஆட்டமும் நின்றது. எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலை 29 அன்று மூடியது. பி.டி. என்ற சிறு திகில் கேம் 2014-ல் இலவசமாக வந்து, அடுத்த ஆண்டே கடையிலிருந்து எடுக்கப்பட்டது. அன்று பதிவிறக்கி அழிக்காமல் வைத்திருப்பவர்களிடம் மட்டும் இருக்கிறது. அவர்களின் கருவி பழுதானால் அந்தப் பிரதியும் போயிற்று. பிளேஸ்டேஷன் 3-ன் டிஸ்க்கை அதற்குப் பின் வந்த எந்த பிளேஸ்டேஷனிலும் போட்டு ஆட முடியாது. அதன் செல் செயலி அவ்வளவு தனித்தன்மை வாய்ந்தது. அந்தக் கேம்களில் பலவற்றை இன்றைய கருவியில் தொட ஒரே வழி, சந்தா கட்டி சர்வரிலிருந்து ஓட்டுவதுதான். சற்று முன் நான் சொன்ன அந்தத் தாமதத்தோடு.

பிளேஸ்டேஷன் 4-ல் நடந்ததை இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. கருவிக்குள் கடிகாரத்தை ஓட வைக்கும் ஒரு சிறு பேட்டரி இருக்கிறது. எந்தப் பேட்டரியையும் போல அதுவும் ஒருநாள் தீரும். அது தீர்ந்த நிலையில் சோனியின் சர்வரோடு பேசி நேரத்தைச் சரிசெய்ய முடியாமல் போனால், டிஸ்க்கில் உள்ள கேம்கூடத் தொடங்காது என்று 2021-ல் ஆர்வலர்கள் சோதித்துக் காட்டினார்கள். கேமில் இலக்குகளை எட்டுவோருக்குத் தரும் கோப்பைகளை வென்ற நேரத்தைச் சரியாகப் பதிய வேண்டும் என்ற சிறிய நோக்கத்துக்காகச் செய்த ஏற்பாடு அது. அந்தச் சர்வர் என்றேனும் நிறுத்தப்பட்டால், உலகிலுள்ள ஒவ்வொரு பிளேஸ்டேஷன் 4-ம் தன் பேட்டரி தீரும் நாளில் ஊமையாகியிருக்கும். அதே ஆண்டு செப்டம்பரில் வந்த 9.00 அப்டேட் இதைச் சரிசெய்தது. செய்தவர்களுக்கு மனமார நன்றி. ஆனால் கருவி வெளியாகி எட்டு ஆண்டுகள் கழித்து, வெளியாட்கள் சொன்ன பிறகுதான் இது கண்ணில் பட்டது. கடைசி நாளை மனதில் வைத்து யாரேனும் ஒருவர் அந்த வரைபடத்தை ஒருமுறை படித்திருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும்.

இதே போன்ற ஒன்று இப்போதும் உங்கள் கருவியில் இருக்கிறது. பிளேஸ்டேஷன் 5-க்குத் தனியாக விற்கப்படும் டிஸ்க் டிரைவை மாட்டியவுடன், அதைக் கருவியோடு இணைப்பதற்கு ஒருமுறை இணையத்துக்குப் போக வேண்டும். இன்று அது ஒரு நிமிட வேலை. இருபது ஆண்டுகள் கழித்து, பழுதான டிரைவைக் கழற்றிவிட்டு இன்னொன்றை மாட்டும் ஒருவருக்குப் பதில் சொல்ல அந்தச் சர்வர் இருக்குமா? இல்லையென்றால் அவர் கையிலுள்ள நூறு டிஸ்க்குகளும் என்ன ஆகும்?

வெறும் கற்பனைக் கேள்வி என்று இதைத் தள்ள வேண்டாம். 2014-ல் வந்த தி க்ரூ என்ற கார்ப் பந்தயக் கேமைத் தனியாகவே ஆடலாம், அதற்கென்று ஒரு முழுக் கதை இருந்தது. இருந்தாலும் சர்வர் இல்லாமல் தொடங்காதபடி அதைச் செய்திருந்தார்கள். 2024 மார்ச் 31 அன்று சர்வர் நிறுத்தப்பட்டது. டிஸ்க் வைத்திருந்தவருக்கும் கேம் இல்லாமல் போனது. அதன் பிறகுதான் ராஸ் ஸ்காட் என்பவர் கேம்களைக் கொல்லாதீர்கள் என்ற இயக்கத்தைத் தொடங்கினார். அது ஐரோப்பிய ஒன்றியத்திடம் வைத்த குடிமக்கள் கோரிக்கையில் 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்துகளைத் தாண்டியது. கலிஃபோர்னியாவில் 2025 தொடக்கத்திலிருந்து ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது: டிஜிட்டலாக விற்கும் கடை, வாங்குபவருக்குக் கிடைப்பது உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சட்டங்கள் உங்கள் வாசலுக்கு வந்துவிட்டன. அவை கட்டாயப்படுத்தும் முன் நீங்களாகச் செய்வதில்தான் கண்ணியம் இருக்கிறது.

வரலாற்றை யாரேனும் பாதுகாப்பார்கள் என்று விட்டுவிடவும் முடியாது. வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை. விற்பனையில் இல்லாத கேம்களை ஆய்வாளர்கள் தொலைவிலிருந்து பயன்படுத்த நூலகங்கள் வழிசெய்யலாம் என்ற விலக்கை அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் மறுத்துவிட்டது. நீங்கள் மூவரும் உறுப்பினராக உள்ள கேம் தொழில் சங்கமான என்டர்டெயின்மென்ட் சாஃப்ட்வேர் அசோசியேஷன் அந்த விலக்கை எதிர்த்து வாதாடியது. நீங்களும் விற்பதில்லை, நூலகமும் கொடுக்கக் கூடாது என்றால் அந்தக் கேம் எங்கே போகும்? இந்த நிலைப்பாடு எனக்குக் கோபம் தருகிறது. மறைக்க விரும்பவில்லை.

இனி, கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

உங்கள் அடுத்த கன்சோலுக்கான கடைசி அப்டேட்டை, முதல் கருவி விற்பனைக்குப் போகும் முன்பே எழுதி முடியுங்கள். சர்வர்கள் நிறுத்தப்படும் நாளில் வெளியிட வேண்டிய மென்பொருள் அது. அது வந்த பிறகு கருவி யாரிடமும் அனுமதி கேட்கக் கூடாது. ஏற்கெனவே பதிவிறக்கிய கேம்கள் ஓட வேண்டும். அவற்றை வேறொரு சேமிப்பகத்தில் நகலெடுத்து வைக்கவும், கருவி பழுதானால் அதே வகையான இன்னொரு கருவியில் ஏற்றவும் முடிய வேண்டும். எந்த டிரைவை மாட்டினாலும் ஏற்க வேண்டும். எழுதியதை உங்கள் கையிலேயே வைத்திருக்க வேண்டாம். நிறுவனம் கைமாறினாலும் கவிழ்ந்தாலும் வெளிவரும்படி நம்பகமான ஒரு மூன்றாம் தரப்பிடம் ஒப்படையுங்கள். மென்பொருளின் மூல நிரலை இப்படி ஒப்படைத்து வைப்பது வணிக ஒப்பந்தங்களில் நெடுநாளாக உள்ள வழக்கம்தான். பெரிய நிறுவனங்கள் தாங்கள் வாங்கும் மென்பொருளுக்குக் கேட்டுப் பெறும் பாதுகாப்பு அது. அதையே நாங்கள் உங்களிடம் கேட்கிறோம்.

இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். ஒரு கருவியை மூடும் நேரத்தில் அதைச் செய்தவர்கள் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள், நிதி ஒதுக்கீடு நின்றிருக்கும், பாதுகாப்புச் சாவிகள் எங்கே இருக்கின்றன என்று தெரிந்தவர்கள் ஒன்றிரண்டு பேர்தான் மிஞ்சியிருப்பார்கள். வடிவமைக்கும்போது எளிதாக இருப்பது மூடும்போது எட்டாததாகிவிடும்.

இன்னொன்று, கேம்களை வெளியிடுவோரிடம் நீங்கள் போடும் ஒப்பந்தம். உங்கள் கன்சோலில் ஒரு கேம் வர உங்கள் சோதனையைத் தாண்டியாக வேண்டும். கேம் எத்தனை முறை உறைகிறது, கன்ட்ரோலர் துண்டானால் என்ன செய்தி காட்டுகிறது என்பதையெல்லாம் சோதிக்கிறீர்கள். தனியாக ஆடும் பகுதி உள்ள கேம் இணையம் இல்லாமலும் தொடங்குகிறதா என்பதையும் அந்தச் சோதனையில் சேருங்கள். சேர்த்துவிட்டால் தி க்ரூவுக்கு நேர்ந்தது இன்னொரு கேமுக்கு நேராது. இந்த அதிகாரம் உங்கள் கையிலேயே இருக்கிறது. கூடவே, டிஸ்க்கிலோ அட்டையிலோ முழுக் கேம் இருக்கிறதா, பாதிதான் இருக்கிறதா என்பதைப் பெட்டியின் முகப்பில் படிக்கும்படியான எழுத்தில் எல்லாரும் அச்சிட வேண்டும்.

கையடக்கக் கருவிகளின் பேட்டரியை உடைமையாளரே மாற்றும்படி செய்யுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2027 பிப்ரவரி முதல் இதைக் கேட்கிறது. ஐரோப்பாவுக்கு ஒரு வடிவம், மற்றவர்களுக்குப் பசை போட்டு ஒட்டிய வடிவம் என்று பிரிக்காதீர்கள்.

நீங்கள் சொல்லக்கூடிய மறுப்புகளை நான் எண்ணிப் பார்க்காமல் இல்லை. திருட்டு நகல் பெருகும் என்பீர்கள். விற்பனை முடிந்து பல ஆண்டுகளான கருவியில் திருட்டு நகலால் நீங்கள் இழக்கும் வருமானம் மிகச் சிறியது. மேலும் பழைய கருவிகளின் பூட்டுகள் ஏற்கெனவே உடைக்கப்பட்டுவிட்டன. இப்போது நேர்மையாகப் பணம் கொடுத்தவர் மட்டும்தான் கடை மூடியதும் கையைப் பிசைகிறார். கேமில் உள்ள பாடல்களுக்கும் கார்களுக்கும் உரிமக் காலம் முடிந்துவிடும் என்பீர்கள். அது புதிதாக விற்பதற்கான தடை. ஏற்கெனவே விற்ற பிரதி ஓடுவதற்கான தடையல்ல. உரிமம் முடிந்த பாடலைக் கொண்ட பழைய டிஸ்க்கை எவரும் வீடு தேடி வந்து பறிப்பதில்லையே. பல பேர் சேர்ந்து ஆடும் கேம்களின் சர்வர்களை என்றென்றும் ஓட்ட முடியாது என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். அதை நான் கேட்கவும் இல்லை. 2024-ல் கான்கார்ட் என்ற கேம் வந்த இரண்டே வாரத்தில் நிறுத்தப்பட்டபோது, வாங்கியவர்களுக்கு சோனி பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. சில முடிவுகளைத் தவிர்க்க முடியாது, அவற்றை நாணயமாகச் செய்யலாம்.

அப்படிச் செய்ததற்கு நான் சொல்லக்கூடிய நல்ல எடுத்துக்காட்டு, தோற்றுப்போன ஸ்டேடியாதான். கூகுள் அதை மூடும்போது தன் கடையில் வாங்கிய கேம்களுக்கும் கருவிகளுக்கும் பணத்தைத் திருப்பியது. அதோடு நிற்காமல், அதன் கன்ட்ரோலரைச் சாதாரண புளூடூத் கன்ட்ரோலராக மாற்றிக்கொள்ளும் மென்பொருளையும் கொடுத்தது. சேவை போன பிறகும் அந்தக் கன்ட்ரோலர்கள் குப்பைக்குப் போகவில்லை. பார்க்கச் சிறிய விஷயம்தான். ஆனால் வாங்கியவருக்கு இருந்த மரியாதை அதில் தெரிந்தது.

நீங்கள் கேட்கக்கூடியவர்கள் என்பதும் எனக்குத் தெரியும். 2013 மே மாதம் எக்ஸ்பாக்ஸ் ஒன் அறிமுகமானபோது 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தில் சரிபார்க்க வேண்டும் என்ற விதி இருந்தது. எதிர்ப்பு கிளம்ப, அடுத்த மாதமே மைக்ரோசாஃப்ட் அதைக் கைவிட்டது. பிளேஸ்டேஷன் 3, கையடக்க வீட்டா ஆகியவற்றின் கடைகளை மூடுவதாக 2021 மார்ச்சில் சோனி அறிவித்து, ஏப்ரலில் முடிவை மாற்றிக்கொண்டது. ஸ்விட்ச் 2-ல் பழைய ஸ்விட்ச் கேம்கள் பெரும்பாலானவை ஓடும்படி நிண்டெண்டோ பாடுபட்டது. எக்ஸ்பாக்ஸ் குழு 2015 முதல் பல நூறு பழைய கேம்களைப் புதிய கருவிகளுக்குக் கொண்டுவந்தது; அதன் அருமையை அந்தக் கேம்களோடு வளர்ந்தவர்கள் அறிவார்கள். 2013-லிருந்து சோனி, மைக்ரோசாஃப்ட் இரண்டும் ஒரே வகைச் செயலிக் குடும்பத்தைப் பயன்படுத்துவதால் முன்பிருந்த பெரிய தொழில்நுட்பச் சுவரும் இப்போது இல்லை. அடுத்த எக்ஸ்பாக்ஸ் ஒரே கடைக்குள் அடைபட்டிருக்காது என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. அப்படியானால் ஒரு கடை மூடினாலும் அங்கே வாங்கிய கேம் எப்படிப் பிழைக்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டிய கடமை வேறு எவரையும்விட அவர்களுக்கு அதிகம்.

அடுத்த கருவியை நீங்கள் மேடையில் அறிமுகப்படுத்தும் நாளில் அதன் வேகத்தையும் படத் தெளிவையும் பற்றி நிறையப் பேசுவீர்கள். நானும் ஆவலோடு பார்ப்பேன். அன்று அந்த விவரப் பட்டியலோடு ஒரு பக்கத்தைச் சேர்த்து வெளியிடுங்கள்: சர்வர்கள் குறைந்தது எத்தனை ஆண்டுகள் இயங்கும், மூடும் முன் எத்தனை மாதங்கள் முன்னறிவிப்பு தருவீர்கள், கடைசி அப்டேட் எதையெல்லாம் திறந்துவிடும், அது யாரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. மூன்று நிறுவனங்களில் எது முதலில் அந்தப் பக்கத்தை வெளியிடுகிறதோ அதன் கன்சோலையே நான் வாங்குவேன், அதில் எத்தனை கேம்கள் குறைவாக இருந்தாலும். என்னைப் போன்றோரிடமும் அதையே கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் பதிலை எதிர்பார்த்து,

கன்சோலில் ஆடி வளர்ந்த ஒருவர்